நகராத புள்ளிகள்

மார்ச் 4, செவ்வாய்

ஒரு அம்மா இன்று ஸ்டூடியோவுக்குள் வந்ததும் வராததுமாகப் படத்தைக் கவுண்டரில் விசிறிப் போட்டார். "என் மச்சம் எங்க?" பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம். விண்ணப்பத்தில் அடையாளம் மேலுதட்டு மச்சம் என்று இருக்கிறது. படத்தில் மேலுதடு வழவழவென்று இருக்கிறது.

எல்லாம் எங்கள் முதலாளி கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருக்கும் 'பளிச்' என்ற செட்டிங் செய்யும் வேலை. கேமராவிலிருந்து படம் இறங்கும்போதே, புள்ளி என்று கண்ணில் பட்டதையெல்லாம் அதுவே துடைத்துவிடும். முதலாளி பல்லைக் காட்டினார். "போனது நல்லதுதானேம்மா, பத்து வயசு குறைஞ்சிருச்சே!"

சீ. ஒரு நாளைக்கு நாற்பது முகம் எடுக்கிறேன், நாற்பதும் உரித்த முட்டை. அந்த அம்மாவுக்குக் கையால் ஒவ்வொன்றாகத் திருத்தி மச்சத்தோடு கொடுத்தேன்.

மார்ச் 6, வியாழன்

அக்கா வீட்டுக்குப் போனேன். தரைக்குக் கீழே ஒற்றை அறை. கூரையோடு ஒட்டிய அரை ஜன்னலில் தெருவில் போகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும். கட்டில் பக்கத்துச் சுவர் முழுக்கப் பூசணம். மிளகுப் பொடியைத் தூவி விட்டது போலக் கறுப்புப் புள்ளிகள், கிட்டே போனால் ஒவ்வொன்றிலும் மெல்லிய மயிர். விரல் பட்டது, பிசுபிசுவென்று வந்தது. மூன்று தடவை சோப்புப் போட்டும் அந்த வாடை போகவில்லை, சாப்பிடும்போதும் மூக்குக்குள்ளேயே இருந்தது.

வண்டு இருமிக்கொண்டே இருந்தாள். அக்கா மகள், ஆறு வயது, சதா ரீங்காரம் போட்டதால் வைத்த பெயர். இப்போது ரீங்காரம் இல்லை, இருமல்தான். அறையை மாற்றாமல் மருந்து கொடுத்துப் பிரயோஜனமில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டாராம்.

இரண்டாம் மாடியில் அறை காலியாக இருக்கிறது. கட்டடக்காரர், அதுதான் வீட்டுச் சொந்தக்காரர், தர மாட்டேன் என்கிறார். "சுவர்ல ஒண்ணுமில்ல, உங்க மனசுலதான்" என்றாராம்! குடியிருப்பு ஆய்வு அலுவலகம் உத்தரவு போட்டால் தந்தே ஆக வேண்டும். ஆனால் முதலில் படம் அனுப்ப வேண்டும், படத்தில் பழுது தெரிந்தால்தான் அதிகாரி நேரில் வருவார்.

"நம்ம வீட்லயே போட்டோகிராபர் இருக்கா, எனக்கென்ன கவலை?" என்றாள் அக்கா.

எடுத்தேன். ஃபிளாஷ் போட்டால் ஈரச் சுவர் பளீரென்று திருப்பி அடிக்கிறது. ஃபிளாஷை அணைத்துவிட்டு, இருட்டிலும் படம் விழ வைக்கும் ஐ.எஸ்.ஓ.வைப் பன்னிரண்டாயிரத்து எண்ணூறுக்கு ஏற்றிக் கையில் பிடித்தே எடுத்தேன். அந்த வாடைக்குள் ட்ரைபாட் முக்காலியை விரித்து நிற்க யாருக்குப் பொறுமை? ஐந்தே நிமிஷத்தில் வெளியே ஓடி வந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

ஸ்டூடியோவில் இறக்கி, அப்படியே அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று. ஒரு வேலை முடிந்தது.

மார்ச் 15, சனி

கடிதம் வந்துவிட்டது. அக்கா போனில் எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "தாங்கள் இணைத்துள்ள படங்களே சுவர் சுத்தமாக இருப்பதைக் காட்டுகின்றன. நேரடி ஆய்வு தேவையில்லை."

குருடர்களா இவர்கள்? கட்டடக்காரரிடம் கை நீட்டியிருப்பார்கள். அக்காவிடம் அப்படித்தான் கத்தினேன்.

அதே நாள், பிறகு

அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்தேன்.

சுவர் சுத்தமாகத்தான் இருக்கிறது. லேசாக ஒரு சாம்பல் நிழல், அவ்வளவுதான். 'பளிச்' துடைத்துவிட்டது. நான் ஐ.எஸ்.ஓ.வை அவ்வளவு ஏற்றியதால் படமெல்லாம் நாய்ஸ், கேமராவே போடும் பொய்ப் புள்ளிகள், மணல் இறைத்த மாதிரி. மணலைத் துடைக்கப் போன செட்டிங்குக்குப் பூசணமும் மணலும் ஒன்றுதான். மச்சம் போன வழியில் சுவரும் போயிருக்கிறது.

அனுப்புவதற்கு மூன்று நாள் முன்னால்தான் மச்சம் போன அந்த அம்மாவுக்காக நியாயம் பேசியவள் நான். அனுப்புமுன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்திருக்கலாமே? பார்க்கவில்லை. நாற்பது முகத்தையும் பார்க்காமல் தள்ளுகிற கை, அதையும் தள்ளிவிட்டது. சீ, என்ன பிழைப்பு இது. என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கட்டடக்காரர் பூசி மெழுகுகிறார் என்று திட்டினேனே — மெழுகியது யார்?

மார்ச் 16, ஞாயிறு

மென்று விழுங்கி ஒரு வழியாக அக்காவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. "என் வீட்டுச் சுவருக்கும் பவுடர் போட்டு அனுப்பிட்டியாடி?" என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டுவுக்கு முதுகு தடவப் போய்விட்டாள். அறைந்திருக்கலாம்.

மார்ச் 18, செவ்வாய்

கேமரா கார்டில் மூலப் படம் இருந்தது. எதையும் துடைக்காமல் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன்.

ஆய்வு அதிகாரி கெட்டவர் இல்லை. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "ஏம்மா, கட்டில்லயும் புள்ளி, தலையணையிலயும் புள்ளி, ஜன்னல்லயும் புள்ளி. அங்கெல்லாமா பூசணம்? இது உங்க கேமரா போட்ட புள்ளிதானே?"

 எது சுவருடையது, எது கேமராவுடையது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை! பதினோரு வருஷமாக இதே வேலை. வெளிச்சம் போதாத இடத்தில் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் வெளிச்சம் கூடிவிடாது. வந்த கொஞ்சத்தைப் பெரிதாக்கிக் காட்டும், குப்பையையும் சேர்த்து. இதைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வாய் கிழியச் சொல்லியிருக்கிறேன்.

"இன்னொரு தடவை எடுத்துட்டு வாங்க, பாக்கறேன். அதோட சரி" என்றார்.

மார்ச் 20, வியாழன்

வண்டுவுக்கு ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்து ஆவி பிடிக்க வைத்தார்கள். முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கையாட்டினாள். பதிலுக்குக் கையாட்ட எனக்குத் தகுதி இருக்கிறதா?

மார்ச் 22, சனி

காலை முழுக்க அந்த அறையில்தான் இருந்தேன். துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை ஓடவில்லை.

ட்ரைபாடை ஊன்றினேன். ஐ.எஸ்.ஓ. நூறு. ஷட்டர் இரண்டு விநாடி திறந்து நிற்கட்டும், இருக்கிற வெளிச்சம் நிதானமாக உள்ளே வரட்டும். படத்தில் கட்டில் சுத்தம், தலையணை சுத்தம், சுவரில் மட்டும் ஒவ்வொரு புள்ளியும் மயிரும் ஈரமுமாக நின்றது. பெரிதாக்கிப் பார்த்தேன். வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

இது போதுமா? "இதுக்கு மட்டும் தனியாப் புள்ளி வரஞ்சீங்களா?" என்று கேட்டால்? ட்ரைபாடை அசைக்காமல், பழைய ஐ.எஸ்.ஓ.விலேயே வரிசையாகப் பத்துப் படம் எடுத்தேன். நாய்ஸ் ஒரே இடத்தில் இரண்டு தடவை உட்காராது. பூசணம் எங்கே போகும்?

அக்கா பின்னால் நின்று, "அழகா எடு, ஆனா அழகாக்கிடாத" என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

அதிகாரியின் மேஜையில் லேப்டாப்பை வைத்துப் பத்துப் படத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினேன். தலையணைப் புள்ளிகள் எறும்புக் கூட்டம் கலைந்தது போலக் குதித்தன. சுவர்ப் புள்ளிகள் அசையவில்லை.

"ஓடறதெல்லாம் கேமராவோடது. நிக்கறது சுவரோடது சார்."

இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். பிறகு ஐ.எஸ்.ஓ. நூறில் எடுத்ததை முழுத் திரைக்குப் பெரிதாக்கினேன். மனிதர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். கைக்குட்டை வாய்க்குப் போனது.

"சே... இதுக்குப் பக்கத்துலயா அந்தக் குழந்தை படுக்குது?"

"முகத்துக்கும் சுவருக்கும் ஒரு சாண் சார்."

முதல் படத்தைக் கெடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொன்னேன். அவர் டைரியில் நாளைய தேதியைக் குறித்தார்.

மார்ச் 26, புதன்

வந்தார், பார்த்தார், ஐந்து நிமிஷத்தில் வெளியே ஓடினார். என்னைப் போலவே.

ஏப்ரல் 2, புதன்

உத்தரவு வந்துவிட்டது. இரண்டாம் மாடி. அதிகாரி சொல்லிச் சுவரை உடைத்தபோது உள்ளே குழாய் ஒன்று எத்தனையோ காலமாக ஒழுகிக்கொண்டிருந்ததாம். "எனக்குத் தெரியவே தெரியாது" என்கிறார் கட்டடக்காரர். அந்த முகத்தில் 'பளிச்' போட்ட மாதிரி ஒரு சுருக்கம்கூட இல்லை. தூ.

ஏப்ரல் 5, சனி

ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் 'பளிச்'சை அணைத்துவிட்டேன். முதலாளி குதித்தார். வேண்டுகிறவர்களுக்குக் கையால் போட்டுத் தருகிறேன், கேட்காதவர் முகத்தைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முறைத்துக்கொண்டே இருக்கிறார். இருக்கட்டும்.

ஏப்ரல் 19, சனி

பள்ளிக்கூடத்துக்குப் படம் வேண்டுமென்று வண்டுவை மாடி ஜன்னலோரம் உட்கார வைத்து எடுத்தேன். நல்ல வெளிச்சம், ஐ.எஸ்.ஓ. நூறே போதும். பதினோரு நாளாக இருமல் இல்லை. படம் எடுக்க எடுக்க ஏதோ ரீங்காரம், வாயை மூடவே இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தோம். கண்ணுக்குக் கீழே கருவளையம் அப்படியே இருக்கிறது. அந்த அறை போட்டது, இன்னும் போகவில்லை.  "இதை மட்டும் லேசா எடுத்துடட்டுமாக்கா?"

அக்கா லேப்டாப் முன்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்டி. நாளைக்கு யாராவது 'ஒண்ணுமே ஆகலையே'ன்னு சொன்னா, எதைக் காட்டுவேன்?"