முதல் வரிசையில் என் கணவர்

ஜனவரி 6
நகராட்சி கொண்டாடும் ஊர்ப் பெருமை நாளில், பிப்லாகேடியைப் பற்றிய அறிமுகவுரையை எழுதி வாசிக்கும் பொறுப்பு என் ஓரகத்தி ஹேமலதாவுக்கு வழங்கப்பட்டிருக்கிறது. அவள் இவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று மழைக்காலம்கூட முடியவில்லை. நானோ, எங்கள் கடையில் சேவு மடிக்க வந்த செய்தித்தாள்களைக் கொண்டே எழுத்துக் கற்றவள்; பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதுமளவு உயர்ந்தவள். ஒரு வார்த்தை கேட்டார்களா?

ஜனவரி 8
நானும் ஓர் உரை இயற்றினேன். "சாத்பூரா மலையின் மடியில் வீற்றிருக்கும் எழில்மிகு திருநகரே!" கணவரிடம் வாசித்துக் காட்டினேன்.
"நல்லாத்தான் இருக்கு. எந்த ஊரு?" என்றார்.

ஜனவரி 11
ஹேமலதா மாவு பிசைந்தபடி தன் உரையைச் சொல்லிப் பார்த்தாள். கேளாதவள்போல் துவரை புடைத்தேன். "எங்கள் ஊரில் ரயில் இரண்டு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் இறங்கத் தெரிந்தவர்களே இங்கு வாழ்கிறோம். பஞ்சுச் சந்தை நாளில் குழந்தைகளுக்கும் தலை நரைத்துவிடும்."
அந்தப் பஞ்சை என் தலையிலிருந்தும் தட்டுகிறேனே — எனக்கு ஏன் தோன்றவில்லை? வயிறு எரியுது.

ஜனவரி 12
கணவனின் அண்ணன் முன்னிலையில் பெண் முக்காட்டை விலக்குவதும் குரல் உயர்த்துவதும் எங்கள் வழக்கமன்று. அவளுக்கு அந்த அண்ணன் என் கணவர். விழாவில் அவருக்கு முதல் வரிசையில் நாற்காலி போடச் சொல்லியனுப்பினேன். மரியாதை என்றால் மரியாதைதான்.

ஜனவரி 14
ஹேமலதா தன் உரைக் காகிதத்தை என் கையில் திணித்தாள். அவளுக்கு நான் ஜீஜி, மூத்த அக்கா. "ஜீஜி, பெரியவர் முதல் வரிசையில உட்கார்ந்திருந்தா எனக்குச் சத்தமே வராது. நீங்களே படிச்சிருங்க. எழுதினதும் நீங்கன்னே சொல்லிக்குங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."
"நினைச்சுக்க மாட்டியா?"
"கொஞ்சம் நினைச்சுக்குவேன்."

ஜனவரி 15
இரவல் நகை என் கழுத்தில் ஒருநாளும் ஏறியதில்லை. இரவல் வாக்கியம் என் நாவில் ஏறுமா?
மேடையில் அவள் பெயரை அழைத்ததும் காகிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டு, முதல் வரிசைக்குச் சென்றேன்.
"ஏங்க, வெளிய சூடா ஜிலேபி போடுறான். போயிட்டு வாங்க."
"இப்பவா? தலைவர் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்!"
"இப்பவேதான். நிதானமா சாப்பிடுங்க."
முணுமுணுத்தபடி எழுந்து போனார். ஹேமலதா முக்காட்டை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு வாசித்தாள். கூட்டம் சிரித்தது, பின் சிரிக்க மறந்து கேட்டது. குரலும் நன்றாகத்தான் இருக்கிறது, பாவிக்கு.
நானும் கைதட்டினேன். ஆனால் எல்லோருக்கும் முன்பே நிறுத்திக்கொண்டேன்.