டிஷ் மாட்ட ஆள் வருவார்

அம்மு,

நீ அசந்து தூங்கிட்டிருந்த, எழுப்ப மனசு வரல. மத்தியானம் டிஷ் மாட்ட ஆள் வருவார். பால்கனிக் கம்பியிலேயே மாட்டச் சொல்லு. சுவத்துல ஓட்டை போட்டா வீட்டுக்காரர் குதிப்பார். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, ரெண்டு வாயாவது சாப்பிடு.

"இப்ப எச்.டி. டிவி ஒண்ணுதான் குறைச்சலா?"ன்னு நேத்து கேட்ட. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோட வந்ததிலிருந்து நம்ம வீட்டுல பேச்சுச் சத்தமே இல்ல. யாராவது பேசிட்டிருக்கட்டும்னுதான் சொல்லி வெச்சேன்.

பி.கு.: பாப்பாவுக்குன்னு ஒதுக்கின ரூம் ஜன்னல்லதான் சிக்னல் கிடைக்கும்னு அவர் சொன்னாலும் சொல்வார். நீ தனியா அந்தக் கதவைத் திறக்காதே. படம் வராட்டி போகுது, அவரை அனுப்பிடு.

தொட்டிலை நான் வந்தப்புறம் ரெண்டு பேருமா கழட்டிக்கலாம்.