ஹைதராபாத் தெரிந்த ஸ்வெட்டர்

அக்கா,

பெட்டியிலிருந்து உங்கள் காப்பிக் கலர் ஸ்வெட்டரை எடுத்தேன். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. காரைக்காலில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை? ஐப்பசியில் நீங்கள் தனியாக ஊர் பார்க்கக் கிளம்பும்போது மட்டும்தான் அது வெளியே வரும். உங்களை அடக்கம் செய்த பிறகு உங்கள் தங்கை அதை என்னிடம் கொடுத்தார். இந்த ஐப்பசியில் தனியாகக் கிளம்பப்போவது நான்.

டெலிபோன் ஆபீசில், வெளியூர் லைன்களை இணைக்கும் டிரங்க் போர்டில், பக்கத்துப் பக்கத்து நாற்காலி நமக்கு. மற்றவர்கள் படம் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பார்கள். நீங்கள் காதால் தேர்ந்தெடுத்தீர்கள். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய வீடுகள் அங்கே பேசப் பம்பாய் லைனுக்குக் காத்திருக்கும் நேரத்தில், எந்தெந்த ஊர் போர்டிலோ இருக்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுப்பீர்கள். கோல்கொண்டாக் கோட்டை தேறியது அப்படித்தான்; ஹைதராபாத் போர்டில் உங்களுக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருந்தார். பிஜப்பூர் கும்மட்டத்தைக் காலண்டரிலிருந்து வெட்டி அலமாரியில் ஒட்டியிருந்தீர்கள். ஆனால் அந்த ஊர் லைனில் எப்போதும் ஓர் ஆண்குரல்தான் உறுமும். ஒவ்வொரு வருஷமும் பாவம், பிஜப்பூர் தள்ளுபடி.

"கோட்டை எங்க வேணா இருக்கும் புள்ள. போயி எறங்குனா நம்ம கொரலு தெரிஞ்ச ஒரு பொம்பள இருக்கணும்" என்பீர்கள்.

கல்லறைத் திருநாளன்று உங்கள் அப்பா அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு மறுநாள் பஸ் ஏறுவீர்கள். போய் இறங்கியதும் நம் போர்டுக்குக் கூப்பிட்டு "சேந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்பது நம் ஏற்பாடு. அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. எழுபதுகளில் ஒரு வருஷம், நீங்கள் ஹைதராபாத்தில் இருந்தபோது, இங்கே புயல் அடித்துக் கம்பமெல்லாம் சாய்ந்துவிட்டது. போர்டு செத்துக் கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு நான் உங்களை நினைத்துப் பயந்தேன். லைன் திரும்பியதும் நீங்கள் கூப்பிட்டீர்கள். சேந்துட்டேன் என்று சொல்லவில்லை.

"நீ இருக்கியா புள்ள?" என்றீர்கள். பக்கத்தில் இன்னொரு பெண் அழுவதும் கேட்டது. ஊர் திரும்பும் வழி தெரியாத அத்தனை நாளும் அந்த ஹைதராபாத் சிநேகிதிதான் உங்களைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டார் என்று பிறகு சொன்னீர்கள். அதன்பின் வருஷா வருஷம் வேறு எந்த ஊருக்குப் போனாலும், வழியில் அவரைப் பார்க்காமல் வந்ததில்லை நீங்கள்.

இந்தத் தடவை எனக்கு மைசூர், பிஜப்பூர், ஹைதராபாத் மூன்றும் மனசில் இருந்தன. எல்லாவற்றுக்கும் பயம்தான். லாட்ஜ் கதவில் தாழ்ப்பாள் சரியாக இருக்குமா, பாஷை தெரியாமல் யாரிடம் வழி கேட்பது, ரயிலில் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று யோசித்தே தூக்கம் கெட்டது. மைசூரில் தமிழை வைத்துச் சமாளிக்கலாம், கிட்டேயும் இருக்கிறது என்று முடிவுகட்டும் சமயம், போன வாரம் ஹைதராபாத் லைன் வந்தது. எஸ்.டி.டி. வந்து எல்லாரும் நேராக டயல் செய்ய ஆரம்பித்த பிறகு அபூர்வமாகத்தான் வருகிறது. அதே குரல். உங்கள் பெயரைச் சொல்லி, இந்த வருஷம் எப்போது வருகிறார் என்று பாதி இந்தியிலும் பாதி இங்கிலீஷிலும் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பேசவேண்டிய ஆள் லைனில் வந்துவிட்டார். இணைப்பைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கம்பி வழியாகச் சொல்கிற சேதியா அது? ஹைதராபாத்துக்கே டிக்கெட் எடுத்துவிட்டேன்.

இன்று கல்லறைத் திருநாள்; தலத்தெரு வீட்டிலிருந்து நடந்தே போய் உங்கள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினேன். நாளைக் காலை மாயவரம் பஸ். போனதும் கூப்பிடுவேன் என்று போர்டில் இருக்கும் புதுப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்தாள்.

ஸ்வெட்டரைப் பையில் வைக்கவும் பயம், வைக்காமல் போகவும் பயம். கடைசியில் வைத்துவிட்டேன். அங்கே குளிரும். அந்த அம்மா என்னைப் பார்த்ததில்லை, ஆனால் இந்த ஸ்வெட்டரைத் தெரியும். தூரத்தில் இதைப் பார்த்ததும், நீங்கள்தான் என்று சிரித்துக்கொண்டே எழுந்து வருவார், அக்கா.