வீட்டுப் பெரியவர்

பிஷ்கெக் சிறை,
மார்ச் 4

பேகிமாய்க்கு,

செசிமுக்கு இருமல் விட்டதா? குழந்தையை மட்டும் விசாரித்துவிட்டு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். முடியவில்லை.

பனிக்காலம் முழுக்க நீ அனுப்பிய தயிர்க்கட்டியையும் காலுறையையும் திருப்பி அனுப்பினேன். ஏனென்று உனக்கே தெரியும் என்று நினைத்திருந்தேன். "லாரிய ஓட்டினது நீதான்னு உன் பொண்டாட்டியே சொல்லிட்டா" என்றார் விசாரணை அதிகாரி. எனக்குத் தலையில் இடி விழுந்தது.

ஓட்டியது அண்ணன். நம் வாசலிலிருந்து அவர் வண்டியை எடுத்ததை நீ பார்த்தாய். நான் பக்கத்தில் தூங்கிக்கொண்டு போனேன். ஆடு மேய்க்கிறவர் மேல் மோதியதும் அண்ணன் குதித்து ஓடிவிட்டார். அடிபட்டவரை லாரியில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனது நான். வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது, நான் மாட்டிக்கொண்டேன்.

இப்போது இலவச சட்ட உதவியில் சோல்பான் என்று ஒரு வக்கீலம்மா வருகிறார். "உங்க மனைவிகிட்ட நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். என்ன சொன்னாய்?

ஷெராலி


கொச்கோர்,
மார்ச் 12

செசிமின் அப்பாவுக்கு வணக்கம்.

இருமல் போய்விட்டது. உங்கள் கடிதத்தைத் தொழுவத்தில் வைத்துப் படித்தேன். பால் வாளி கவிழ்ந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நானா உங்களைக் காட்டிக்கொடுப்பேன்?

அந்த அதிகாரிக்கு நம் பேச்சு அரைகுறை. ஓட்டியது யார் என்று கேட்டார். அத்தை பக்கத்திலேயே இருந்தார். புருஷனின் அண்ணன் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்வதுண்டா? நான் தனியாக இருக்கும்போதுகூடச் சொன்னதில்லை. எப்போதும் சொல்கிற மாதிரி, "எங்க வீட்டுப் பெரியவர்தான் ஓட்டினார்" என்றேன். அவர் எனக்குப் படிக்கத் தெரியாத ரஷ்ய மொழியில் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன்.

போன வாரம் சோல்பான் வந்து அதைப் படித்துக் காட்டினார். 'குடும்பத் தலைவர், அதாவது கணவர்' என்று எழுதியிருக்கிறாராம். அத்தையிடம் ஓடினேன். அவர் மாவு பிசைவதை நிறுத்தாமலே, "எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். பெரியவனுக்கு நாலு புள்ளைங்க, உன் புருஷனுக்கு ஒண்ணுதானே" என்றார்.

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் தவித்தேன்.

உங்கள்,
செசிமின் அம்மா


பிஷ்கெக் சிறை,
மார்ச் 20

பேகிமாய்,

அம்மாவா அப்படிச் சொன்னாள்? திரும்பத் திரும்பப் படித்தேன். அறையில் இருக்கிறவர்கள் யார் செத்தது என்று கேட்டார்கள்.

ஏப்ரலில் உன்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிடுவார்கள். நீ பெயரைச் சொல்லாவிட்டால் எனக்கு ஏழு வருஷமாவது கிடைக்கும் என்கிறார் சோல்பான். சொன்னால் அந்த வீட்டில் உனக்கு இடமிருக்காது. உன் சாமான்களைத் திருப்பி அனுப்பியவன் நான். சொல் என்று கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

ஷெராலி


பிஷ்கெக்,
ஏப்ரல் 17

ஷெராலி,

கூண்டுக்குள்ளிருந்து நீங்களும் கேட்டீர்கள். நீதிபதி திரும்பத் திரும்ப, "எந்தப் பெரியவர்? பேரைச் சொல்லும்மா" என்றார். உங்கள் அண்ணன் அத்தைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். குபானிச் என்றேன். இதோ எழுதியும் விட்டேன்.

அதற்குப் பிறகு வாசலில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அத்தை சத்தம் போடவில்லை. "பேர் சொல்லத் தெரிஞ்சவளுக்கு எங்க வீட்டு வழி எதுக்கு?" என்று சொல்லிவிட்டு உங்கள் அண்ணனோடு வண்டியில் ஏறிப் போய்விட்டார். சிறையில் இருக்கிறவர்களின் குடும்பங்களுக்கென்று சோல்பானின் அலுவலகத்துக்கு மேலே சில அறைகள் இருக்கின்றன. நானும் செசிமும் அங்கேதான் இருக்கிறோம்.

வழக்கை மறுபடி விசாரிக்க உத்தரவாகிவிட்டது, சீக்கிரம் வெளியே வந்துவிடுவீர்கள் என்கிறார் சோல்பான். சந்தோஷம்தான். ஆனால் ஒரு வார்த்தை கேட்காமல் பனிக்காலம் முழுக்க என்னைத் துரோகி என்று நினைத்தீர்களே, அது எனக்கு ஆறவில்லை.

கொச்கோர் வீட்டுக்கு நான் திரும்பப் போவதில்லை. உங்கள் அம்மாவிடம் போவதா இங்கே வருவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வந்தால் கீழே நின்று கூப்பிடுங்கள். செசிமின் அப்பா என்று சொல்ல மாட்டேன். ஷெராலி என்றுதான் பதில் வரும். வாய் பழகிவிட்டது.

பேகிமாய்