மழையில் நிறுத்திவைத்த லாரி

மாமா,

உங்கள் செல்போனின் முதுகு உப்பிவிட்டது. காலையில் சார்ஜிலிருந்து எடுத்தபோது பின்மூடி ஒரு பக்கம் எழும்பி நின்றது. நீங்கள் சுற்றிவைத்த ரப்பர் பேண்டுதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. கையில் வைத்தால் காய்ச்சல்காரர் நெற்றியைப்போலச் சுட்டது. அந்தச் சூட்டில் உங்கள் தைல வாசம் கிளம்பி வந்தது. தைலக் கையோடுதானே எந்நேரமும் அதைத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பஸ் ஏறிச் சங்ககிரியில் ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, தேளை நகர்த்துவதுபோல மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

"பேட்டரி உப்பிருச்சுங்கக்கா. இனிமே சார்ஜ் போடாதீங்க, தலைமாட்டுல வெக்காதீங்க. வேற போட்டுத் தாரேன். ஆனா உள்ள இருக்கறது இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"போட்டோவெல்லாம் மக வேற எங்கியோ ஏத்தி வெச்சிருக்குதுங்க. லாரி இருக்குமுங்களா?"

"என்ன லாரிங்க்கா?"

போனில் உங்கள் விளையாட்டைத் திறந்து காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "முடிஞ்ச ட்ரிப்பெல்லாம் கணக்குல ஏறிருமுங்க, அது போகாது. பாதில நிக்கற ட்ரிப்புதான் போயிரும். ஊட்டுக்குப் போயி லோட எறக்கிட்டு, பொழுதோட கொண்டாந்து குடுங்க. உப்புன பேட்டரில சார்ஜ் நிக்காது, இப்பவே கம்மியா இருக்குது, பாத்துக்குங்க."

இறக்கிவிட்டு வா என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். உங்கள் லாரி மலைப்பாதையில், மழையில், முன்னால் ஒன்றும் தெரியாத பனியில் நிற்கிறது. நீங்கள் நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது. நான் இந்தப் பிறவியில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் போனை முந்தானையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருந்தபோதும் அதை இப்படித்தான் வைத்திருந்தேன்.

சர்க்கரை உங்கள் காலை வாங்கிக்கொண்ட பிறகுதானே இந்த விளையாட்டு வந்தது. கூட ஓட்டியவர் ஒருவர் பார்க்க வந்து, போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். லாரி ஓட்டும் விளையாட்டு. ஸ்டீயரிங், கியர், ஹாரன், எல்லாம் இருந்தது. கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் பிடித்து வளைப்பீர்கள். வளைவு வந்தால் உடம்பும் சாயும். இல்லாத கால் பிரேக்கை மிதிப்பதை வேட்டிக்குள் நான் பார்த்திருக்கிறேன். பார்க்காததுபோல அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்வேன்.

அதில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். வண்டி எடுக்கும் முன் வானத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். சூரியன், மேகம், மழை, பனி என்று படம் போட்டிருக்கும். நீங்கள் ஒருநாளும் சூரியனைத் தொட்டதில்லை. மழை, இல்லாவிட்டால் மழையும் பனியும்.

மழைச் சத்தம் என்றால் எனக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். சேகோ மில் களத்தில் கிழங்கு மாவையும் ஜவ்வரிசியையும் காயப்போட்டு வாழ்ந்தவள் நான். ஒரு தூறல் விழுந்தால் அன்றைய மாவு அத்தனையும் புளித்துக் கூழாகிவிடும். இடி கேட்டால் எனக்கு முன்னால் என் கால் ஓடும். ஒரு மத்தியானம் பின்கட்டில் கண்ணயர்ந்திருந்தேன். இடி இடித்தது, சடசடவென்று மழை கொட்டியது. எழுந்த வேகத்தில் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி, காயப்போட்ட நிலக்கடலையை மூடி, நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு நிமிர்ந்தால் வெயில் மண்டையைப் பிளக்கிறது. பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"ஏனக்கா, கள்ளக்காய்க்கு வேர்க்குதுன்னு கொடை புடிக்கறயா?"

கீழே வந்தேன். நீங்கள் மும்முரமாக வளைவில் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். போனில் மழை.

"வெயில்ல ஓட்டுனா ஆகாதுங்களா? ஊட்டுக்குள்ள இருந்துகிட்டுக்கூட மழையா?"

"வெயில்ல ஓட்டிப் பாத்தனே. தூங்கி உழுந்துட்டேன்."

"ஆட்டந்தானுங்களே அது."

"ஆட்டம்னாலும் அப்பிடித்தான் அம்மிணி. வெயில்ல கடைசி வரைக்கும் ரோடு தெரியும். தெரிஞ்சதுக்கப்பறம் ஓட்டறதுக்கு என்ன இருக்குது? மழைல பாரு, லைட்டு வெளிச்சம் உழுந்து ரோடு மினுங்கும், வைப்பர் போயிட்டு வரதுக்குள்ள ஒருக்கா தெரியும், ஒருக்கா தெரியாது. பிரேக்கு அமுத்துனா நிக்காது, வழுக்கும். அப்பத்தான் கைக்கு வண்டி இருக்கறது தெரியுது."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து உங்கள் கையின்மேல் வைத்தீர்கள். ரோமம் சிலிர்த்திருந்தது. புரட்டாசி வெயிலில், காற்றாடி ஓடாத அறையில். எனக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் பயம் போகவில்லை. அந்த வைப்பர் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம்.

நீங்கள் நிஜ லாரி ஓட்டிய காலத்தில் ஆடி ஐப்பசி என்றால் நான் போனைக் கீழே வைக்க மாட்டேன். திம்பம் மலை ஏறுகிறீர்கள் என்று தெரிந்தால் சோறு இறங்காது. "மழைங்களா மாமா?" என்று கேட்பேன். "இங்க வெயில்தான் அம்மிணி" என்பீர்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் டக், டக் என்று வைப்பர் அடிக்கும். நான் கேட்டதாகக் காட்டிக்கொண்டதில்லை. "சரிங்க, மெல்லமா வாங்க" என்று வைத்துவிடுவேன். எத்தனை வருடம் அப்படி வெயிலில் ஓட்டினீர்கள்.

அந்த மத்தியானம்தான் என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னீர்கள். "அன்னைக்கெல்லாம் உன்னைக் கூட்டிட்டுப் போவ முடியல. இன்னைக்கு வா. கிளீனரா வா."

கிளீனருக்கு வாய் வேலையில்லை, கை வேலைதான் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். மழையிலும் இஞ்சின் சத்தத்திலும் கத்தினால் கேட்காது, அதனால் வண்டியின் பலகையைத் தட்டுவார்களாம். ஒரு தட்டு தட்டினால் நில். இரண்டு தட்டினால் போலாம். எனக்குக் கட்டில் சட்டம்தான் பலகை. பனியில் இடது ஓரத்தை நான் பார்க்க வேண்டும், வலது உங்களுக்கு. முதல் நாள் பயத்தில் ஒற்றைத் தட்டாகவே தட்டினேன்.

"இப்பிடி ஒரு கிளீனர வெச்சா லோடு பொங்கலுக்குத்தான் போயிச் சேரும்."

"பொங்கலுக்குப் போனாலும் முழுசாப் போவமுங்க."

சிரித்தீர்கள். பிறகு தினமும் களத்திலிருந்து வந்ததும் கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவேன். பனியில் தூரத்தில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் பூக்கும். எதிரே வருவது பஸ்ஸா, வெறும் கம்பமா என்று தெரியாது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். அது கடந்து போனதும் நீங்கள் விடும் மூச்சும் நான் விடும் மூச்சும் ஒன்றாகக் கேட்கும். கல்யாணமாகி இத்தனை காலத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே மழையில் இருந்தது அப்போதுதான்.

கடைசிப் பயணத்தை ஏற்றியது நினைவிருக்கிறதா? மூட்டை லோடு. "நம்ம ஜவ்வரிசின்னே வெச்சுக்க" என்றீர்கள். மலையில் பாதி இறங்கியபோது உங்களுக்கு வேர்த்தது. பனியில் ஓட்டும் பதற்றத்தால் என்றுதான் நானும் நினைத்தேன். வண்டியை ஓரங்கட்டி, விளக்கை எரியவிட்டு, போனை என்னிடம் நீட்டினீர்கள். "சித்த நிக்கட்டும். வந்து எறக்கிக்கலாம்." ஆம்புலன்ஸ் வந்தபோது அது என் இடுப்பில் சொருகியிருந்தது. மறுநாள் மருத்துவமனையில் என்னைக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே விட்டார்கள். எப்படி இருக்குதுங்க மாமா என்று கேட்டேன். மூக்கில் குழாயோடு, கண்ணைத் திறக்காமல் சொன்னீர்கள்.

"இங்க வெயில்தான் அம்மிணி."

பின்னால் மிஷின் டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. விடியும் முன் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

இன்று வீட்டுக்கு வந்து கட்டிலில் நீங்கள் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தேன். லீவுக்கு வந்திருந்த மகள் எதிரே உட்கார்ந்தாள். சார்ஜ் காட்டும் கோடு சிவப்புக்கு வந்திருந்தது. விளையாட்டைத் திறந்ததும் மழை கொட்டியது. திரை முழுக்கச் சாம்பல் நிறம். உங்கள் லாரியின் முன்விளக்கு வெளிச்சம் ஒரு முழம் போய்ப் பனியில் கரைந்தது. அதற்கு மேல் ரோடு இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா, தெரியவில்லை. என் கட்டைவிரல் வேர்த்துத் திரையில் வழுக்கியது. வண்டியை நகர்த்தினேன். பின்சக்கரம் இழுத்தது, ஓரத் தடுப்பில் உரசியது, லோடு அடிபட்டதைக் காட்டும் மூட்டைப் படத்தில் கொஞ்சம் சிவப்பு ஏறியது.

"அம்மா, நிறுத்து. வெயிலுக்கு மாத்திக்கலாம்மா. நடுவுலகூட மாத்தலாம். வெயில்ல சுலபமாப் போயிருவே."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. போன் சூடாகிக்கொண்டே இருந்தது. சூரியன் படத்தைத் தொட்டாள்.

மழை சட்டென்று நின்றது. பனி போய்விட்டது. நான் பார்த்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும் மாமா. அங்கே பள்ளமே இல்லை. பச்சைக் காகிதத்தை விரித்ததுபோல ஒரு தரை. மலை என்று நாம் பயந்தது தட்டியில் எழுதிய படம்போல நின்றது. மரமெல்லாம் ஒரே மரம், அச்சடித்தாற்போல. ரோடு கடைசிவரை தெரிந்தது, லோடு இறக்க வேண்டிய கோடவுன்கூடத் தெரிந்தது, தீப்பெட்டி அளவில். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்த இடம் எதுவும் அதில் இல்லை. நீங்களும் இல்லை. இத்தனை நாளும் அந்த லாரிக்குள் நீங்கள் உட்கார்ந்திருப்பதாகத்தான் எனக்கு நினைப்பு. வெயிலில் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் வெறும் கறுப்புச் சதுரம்.

ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் வேலைதான். ஆனால் அப்படி இறக்கினால் நீங்கள் ஏற்றிய லோடாக அது இருக்காது என்று தோன்றியது.

"பழையபடி மழையப் போடு சாமி."

"அம்மா, சார்ஜ் போயிரும். அப்பறம் எல்லாமே போயிரும்."

"போனாப் போவுது. உங்கொப்பா எனக்கு வெயில்னு சொன்னது போதும். போடு."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மாற்றினாள். மழை திரும்பி வந்தது. பனி மூடியது. பள்ளமும் வந்துவிட்டது. அது இல்லை என்று கண்ணால் பார்த்தவள்தான் நான், ஆனாலும் வண்டியை அந்த ஓரத்திலிருந்து உள்பக்கம் ஒதுக்கினேன். மெல்ல விட்டேன். வைப்பர் போய் வரும் இடைவெளியில் வெள்ளைக் கோடு தெரிந்தது, மறைந்தது. கொண்டையூசி வளைவில் என் உடம்பு தானாகச் சாய்ந்தது.

அப்போது கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு கேட்டது. நான் நிறுத்திவிட்டேன்.

மகள்தான். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருப்பாள். பனியிலிருந்து ஒரு பஸ் முட்டுவதுபோல வெளியே வந்து, ஹாரன் அடித்துக்கொண்டு, உங்கள் கண்ணாடியை உரசாத குறையாகக் கடந்தது. மழைத் தண்ணீரை நம் கண்ணாடியில் வாரி அடித்துவிட்டுப் போனது. அவள் கொஞ்சம் பொறுத்து இரண்டு தட்டு தட்டினாள்.

கோடவுன் வாசலில் விளக்கு எரிந்தது. திரை இருண்டுகொண்டே வந்ததால் எது ரோடு, எது சுவர் என்று தெரியாமல் அந்த வெளிச்சத்தைப் பார்த்தே கொண்டுபோய் நிறுத்தினேன். சாவியைத் தொட்டதும் இஞ்சின் அடங்கியது. வைப்பர் நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. லோடு இறங்கியதாகப் பச்சையில் இங்கிலீஷ் எழுத்து வந்தது. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது, மகள் படித்துச் சொன்னாள். இரண்டு பேரும் அப்படியே அந்த மழையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். போன் தானாக அணைந்தது.

கடையில் கொடுத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறியபோது சங்ககிரி மலைக்கோட்டைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் நல்ல மழை. டிரைவர் வைப்பரைப் போட்டார். டக், டக். களத்தில் மாவு காய்கிறதே என்று என் கால் இந்த முறை பரபரக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ரோடு மினுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிக்னலில் நின்ற பஸ் கிளம்பாமல் இருந்தது. என் கை தானாக முன்சீட்டுக் கம்பியைத் தட்டியிருக்கிறது. இரண்டு தட்டு.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்கக்கா, எறங்கோணுமா?"

"இல்லீங்க," என்றேன். "போலாமுங்க."