அட்டையில் இல்லாத சொல்

மார்ச் 3
அண்ணி போனில் அழுதாள். பக்கவாதம் வந்து ஐந்து மாதம். அண்ணன் நடக்கிறான், சாப்பிடுகிறான், பேச்சு மட்டும் இல்லை. மூன்று வாரம் தினமும் சிகிச்சைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டுமாம். "என் முட்டி ஆபரேஷன் தெரியும்ல. உங்கள விட்டா யாரு இருக்கா?"

ஒன்பது வருடமாக இந்த ஞாபகம் எங்கே போயிருந்தது? அப்பா சாகக் கிடந்ததைச் சொல்லாமல், எல்லாம் முடிந்த மறுநாள் சொன்னவன் அவன். அதற்கு முந்தைய வருடம் அப்பாவோடு சண்டை போட்டு நான் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை, உண்மைதான். அதற்காக? ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பதில் இல்லை. அன்றோடு பேச்சு நின்றது.

போகிறேன். பாசமெல்லாம் இல்லை. அவன் பேச வேண்டும். எனக்கு அந்தப் பதில் வேண்டும்.

மார்ச் 5
சிகிச்சையின் முதல் நாள். அண்ணன் தலையில் உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுகள், அதைச் சுற்றி ஒரு பட்டை, சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. மெல்லிய மின்சாரம், இருபது நிமிடம். அது ஓடும்போதே பேச்சுப் பயிற்சியாளர் பட அட்டைகளைக் காட்டுகிறாள்.

"கரண்ட் மட்டும் பேச வைக்காது சார். மூளைய லேசா தட்டி எழுப்பும், அவ்வளவுதான். படிக்க வேண்டியது இவர்தான். எல்லாருக்கும் பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

குடைப் படம். "போடா" என்றான் அண்ணன். சீப்பு. "போடா." மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். எது போனாலும் அது போகுமா!

"எனக்கே போடாவா?" என்று சிரித்தாள் அவள்.

மார்ச் 6
அவன் திணறுவதைப் பொறுக்காமல் நானே "குடை" என்றேன். "உங்களுக்கா சார் ஸ்ட்ரோக்? வாய மூடிட்டு உக்காருங்க" என்றாள் பயிற்சியாளர்.

மார்ச் 10
"கு… டை." வியர்த்துச் சட்டை நனைந்துவிட்டது அவனுக்கு.

வீட்டுப் பயிற்சிக்கு, அவன் புழங்கும் பொருள்களை அட்டையில் வரையச் சொன்னாள். பன்னிரண்டு வரைந்தேன். செருப்பு படகு மாதிரி வந்திருக்கிறது.

மார்ச் 13
தப்பு செய்தேன். அட்டைக் கட்டின் நடுவே அப்பாவின் புகைப்படத்தைச் செருகினேன். அண்ணன் பார்த்தான், தலைப்பட்டையைப் பிடுங்கி எறிந்தான். இன்றைய நேரம் வீண்.

"இவருக்கு வேணுங்கிற வார்த்தையக் கொண்டு வரச் சொன்னேன். உங்களுக்கு வேணுங்கிறத இல்ல."

சுருக்கென்றது. திரும்பும்போது காரில் இருவரும் பேசவில்லை. அவனால் முடியாது. எனக்கு என்ன கேடு?

மார்ச் 14
படத்தை எடுத்துவிட்டேன். இன்று வரமாட்டான் என்று நினைத்தேன். எட்டரைக்கே செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறான். சரி, நானும் விடப்போவதில்லை.

மார்ச் 21
சிக்னலில் நின்றிருந்தோம். யாரும் கேட்காமல், "அப்பா" என்றான். பிறகு, "வாசல்… வாசல்… நீ வரல."

அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாரா?

"சொல்லியிருந்தா வந்திருப்பேனே! நீ சொன்னியா? சொன்னியா?" கத்திவிட்டேன். அவன் தாடை இழுத்தது. எடுத்துக்கொடுக்க நாக்கு துடித்தது — பல்லைக் கடித்துக்கொண்டேன். பச்சை விழுந்து, பின்னால் ஹார்ன் அடித்து, மறுபடி சிவப்பு.

"சொல்லல" என்றான். "தப்பு."

வாசலும் தப்பும் நான் வரைந்த அட்டைகளில் இல்லை.

மார்ச் 25
சிகிச்சை முடிந்தது. அவளுடையதும் என்னுடையதுமாக முப்பது அட்டைகளில் பத்தொன்பதைச் சொல்லிவிடுகிறான். வீட்டில் பயிற்சியை விடக் கூடாதாம். காலையில் எட்டரைக்கு வந்துவிடுகிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன்.

"போடா" என்றான் அண்ணன். சொல்லிவிட்டு வாசல் வரை வந்தான். நான் தெரு திரும்பும்வரை அங்கேயே நின்றான்.