பாதி பர்கர்

மார்ச் 3, செவ்வாய்

கீமோ ஏற்றி வந்ததிலிருந்து இவர் வாயில் எதுவும் வைப்பதில்லை. சோறு வேகும் வாசம் வந்தாலே படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். இன்று சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, துருவைக் கரைத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது என்றார். லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, துருவின் ருசி இவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்.

என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எடை இன்னும் இறங்கினால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போடுவார்கள் என்று வார்டு நர்ஸ் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நாம் தள்ளிப்போட்டால் கட்டி காத்துக்கொண்டிருக்குமா?

மார்ச் 7, சனி

சாப்பிட்டார்.

கொழுந்தன் டெலிவரி வேன் ஓட்டுகிறான். சனிக்கிழமை மட்டும் நெடுஞ்சாலைப் பக்கம் போவான். அங்கே ஒரு பர்கர் கடை. இவர் அந்தப் பக்கம் வேலைக்குப் போன காலத்தில் மதியச் சாப்பாடு அங்கேதான். யாரையும் கேட்காமல் ஒன்று வாங்கி வந்து நிற்கிறான். நோயாளிக்குக் கொடுக்கிற சாமானா இது என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இவர் காகிதத்தைப் பிரித்தார், முகர்ந்தார், கடித்தார். ஊறவைத்த வெள்ளரியும் கடுகுச் சாஸும் அந்தத் துருவை அறுத்துக்கொண்டு உள்ளே போகிறதாம். பாதி தின்றார். பாதி முழுசாக!

மீதியை எடுத்து வை என்றார். வாய் வைத்ததை, வெளியே கிடந்ததைத் திரும்பக் கொடுக்கக் கூடாது, உடம்பில் எதிர்ப்புச் சக்தி துளியும் இல்லை என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். குப்பையில் போட்டேன். சாயங்காலம் அந்தப் பாதியைக் கேட்டார். இல்லை என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று தண்ணீர் மட்டும். குப்பைக் கூடையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 14, சனி

கொழுந்தன் பெட்டி நிறைய பர்கர் வாங்கி வந்துவிட்டான். நான் கடைசி வீட்டு அம்மாவுக்குப் பாவாடை அளவெடுக்கப் போயிருந்த நேரம். எல்லாவற்றையும் சுடச்சுட, காகிதத்தோடு, ஃப்ரிட்ஜில் திணித்திருக்கிறான். திறந்தால் உள்ளே எல்லாம் வியர்த்து வழிகிறது. பால் பாக்கெட்டைத் தொட்டால் வெதுவெதுப்பு. "இனி வாரம் முழுக்கக் கவலையில்ல அண்ணி" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். திட்டவும் மனம் வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. திட்டிவிட்டேன்.

நர்ஸுக்கு ஃபோன் செய்தேன். இனி வாங்கியதும், யாரும் வாய் வைக்கும் முன்பே பிரித்து ஃப்ரீசரில் வைக்கச் சொன்னாள். பச்சை இலை, தக்காளி கூடாது. ஒரு தடவைதான் சூடாக்கலாம், நடுவில் ஆவி பறக்கவேண்டும். இப்போது வந்து கிடக்கிற மூட்டையை என்ன செய்வது என்று கேட்டேன். சந்தேகமாக இருந்தால் போட்டுவிடு என்றாள். எல்லாவற்றையும் போட்டுவிட்டு, கொழுந்தனைத் திரும்பக் கடைக்கு அனுப்பினேன். முணுமுணுக்காமல் போனான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

புதிதாக வந்ததை உட்கார்ந்து பிரித்தேன். நான் பிழைப்பதே பிறர் தைத்ததைப் பிரித்துத் தைத்துத்தான், இது என்ன பெரிய வேலை. சாஸை வழித்தேன். கறித்துண்டைக் கால் கால் பங்காக வெட்டித் தனித்தனியாகச் சுற்றினேன். பன் வேறு பையில். வெள்ளரி பாட்டிலை அவனே கடையில் கேட்டு வாங்கி வந்திருந்தான்.

மார்ச் 16, திங்கள்

மைக்ரோவேவில் வைத்தால் பன் செருப்புத் தோலாகிறது. கறியின் ஓரம் கொதிக்கிறது, நடுவில் ஐஸ். வாணலியில் ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வைத்தேன் — சரியாக வந்தது. பன்னை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வெறும் சட்டியில் வாட்டி, வெள்ளரியைக் கடைசியில் ஜில்லென்று வைத்தேன். கடை ருசிக்குப் பக்கத்தில் வருகிறது என்றார்.

ஆனால் இவர் பசி இருக்கிறதே. திடீரென்று கூப்பிடுகிறார். அடுப்பைப் பற்றவைத்து ஓடி வந்தால் வேண்டாம் என்கிறார். "வாசல்ல வந்து நிக்குது, நீ கதவைத் திறக்கறதுக்குள்ள போயிடுது." இரண்டு கடி. மீதி குப்பைக்கு. நான் போடும்போது பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஏன் அப்படிப் பார்க்கவேண்டும்? நான் என்ன வேண்டுமென்றா செய்கிறேன்?

மார்ச் 19, வியாழன்

தட்டு காலி! காலையிலும் மதியமும். வாயைத் துடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். நர்ஸிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

மார்ச் 21, சனி

தட்டு காலியாகத்தான் வருகிறது. எடை ஏறவில்லை. இறங்கியிருக்கிறது. எடை மிஷினைச் சுவரோரம், ஜன்னலோரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். தின்பதெல்லாம் எங்கே போகிறது? கட்டி தின்கிறதா? யாரிடம் கேட்பது.

மார்ச் 22, ஞாயிறு

மதியம் ஒரு பேன்ட்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன். போர்வை கேட்டார். அந்த வெயிலில் போர்வை. நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. காய்ச்சல் என்றால் ஒரு நிமிஷம் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கொழுந்தன் சரக்கை இறக்காமலே வேனோடு வந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், இவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். எல்லாம் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் கொடுத்தேன் என்றேன். நர்ஸ் என் முகத்தையே பார்த்தாள். ஊசி, சலைன். உடம்பு தூக்கிப் போடுகிறது.

மார்ச் 23, திங்கள்

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இவருடைய டூல் பை. லேசாக ஒரு நாற்றம். திறந்தேன். ஸ்பேனர்களுக்கு நடுவே டிஷ்யூவில் சுற்றிச் சுற்றிப் பர்கர் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு கடி, இரண்டு கடி கடித்தது. ஒன்றில் பூஞ்சை பூத்திருந்தது.

தட்டு காலியானது இப்படித்தானா.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அய்யோ, இதையா தின்னீங்க. இதையா எடுத்து எடுத்துத் தின்னீங்க.

மார்ச் 24, செவ்வாய்

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பிறகு இவரிடம் கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மறுக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பசி எப்ப வரும்னு தெரியல. வர்றப்ப கைக்கு எட்டற மாதிரி ஏதாவது இருக்கணும்னு தோணுச்சு. நீ தூக்கிப் போட்டுட்டா, அதுக்கப்புறம் பசியே வராம போயிட்டா?"

"இதைத் தின்னு செத்துப் போயிருந்தா?"

"தின்னாட்டியும் அதானே நடக்கும்னு நினைச்சேன்."

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். காரிடாரில் நின்று அழுதேன். ஒவ்வொரு துண்டையும் நான் குப்பையில் போட்டபோது, இனி இதுவும் கிடைக்காது என்றுதான் இந்த மனுஷன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த எனக்கு அது தெரியவில்லை.

மார்ச் 25, புதன்

காய்ச்சல் இறங்கவில்லை. மருந்தை மாற்றியிருக்கிறார்கள்.

மார்ச் 26, வியாழன்

இறங்கவில்லை. கொழுந்தன் என்னைப் பார்க்காமலே, நான்தான் அதை முதலில் வாங்கி வந்தேன் என்றான். வாயை மூடு தம்பி என்றேன். அவன் கொண்டுவந்த காப்பியை இரண்டு பேரும் குடித்தோம்.

மார்ச் 27, வெள்ளி

இறங்கிவிட்டது. பர்கரால் வந்ததா, ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்ததால் வந்ததா என்று டாக்டருக்கே தெரியவில்லை. எதுவாகவும் இருக்கலாமாம். யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியாமல் இருப்பது நல்லதா கெட்டதா?

மார்ச் 30, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. கொழுந்தன் கட்டிலைத் தூக்கிச் சமையலறைக் கதவோரம் போட்டான். என் தையல் மிஷின் படுக்கையறைக்குப் போய்விட்டது. அன்றன்றைக்கு வேண்டிய கறித்துண்டை முதல் நாளே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கி வைக்கிறேன். ஐஸ் இல்லாததால் சீக்கிரம் சூடேறுகிறது. கால் பங்கையும் இரண்டாக வெட்டிவிட்டேன். கட்டில் சட்டத்தில் இவர் தட்டினால் போதும், நான் வாணலியை வைத்துவிடுவேன். இவர் ஒளித்துவைக்கக் கூடாது, நான் காக்கவைக்கக் கூடாது. இதுதான் பேச்சு.

டூல் பையை எடுத்துப்போகட்டுமா என்றேன். அது வேலை சாமான், அங்கேயே இருக்கட்டும் என்றார். தினமும் காலையில் இவரே திறந்து காட்டுகிறார். நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று பதினோரு தட்டல். எட்டுத் தடவை வீண். தூக்கிப் போட்டேன். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

எடை இறங்கவில்லை. ஏறவும் இல்லை. இரண்டாவது கீமோ போடலாம் என்றுவிட்டார்கள். நர்ஸ் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

கீமோ ஏற்றி வந்ததிலிருந்து மறுபடியும் தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. தட்டலே இல்லை. நானே மிஷினை விட்டு எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன். பேச்சும் இல்லை. பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் ஒரு தட்டல். அரைக்கால் பங்கு. வயிற்றில் நின்றது.

ஏப்ரல் 18, சனி

கொழுந்தன் கடையிலிருந்து நேரே சூடாகக் கொண்டுவந்தான். இவர் எழுந்து உட்கார்ந்து பாதியைத் தின்றார். மீதிப் பாதியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு மெதுவாக நடந்து போய், தானே குப்பையில் போட்டார்.

ஏன் என்று கேட்டேன்.

"சாயங்காலம் பசிக்கும். அப்ப வேற ஏதாவது பண்ணு. இதையே எத்தனை நாளைக்குத் திங்கறது?"

என்ன பண்ணட்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.